பால்கனியில் இருப்பது கேக்டஸா... கள்ளியா? வெட்டும் முன் இதைப் படியுங்கள்!

'கள்ளிப்பால்' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1980-களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலைகள் வெளியுலகுக்குத் தெரியவந்தபோது, செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்ட சொல் அது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் மனசு ஒரு நிமிடம் கனத்துப்போகும்.

ஆனால், அதே கள்ளிக் குடும்பத்துச் செடிகளைத்தான் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கி, வரவேற்பறை டீப்பாய் மேல் வைத்திருக்கிறோம். பெயர்தான் மாறியிருக்கிறது. 'ஆப்பிரிக்கன் மில்க் ட்ரீ', 'பென்சில் கேக்டஸ்', 'கோரல் கேக்டஸ்' என்று சொல்லி விற்கும்போது, அதற்குள் ஓடுவது கள்ளிப்பால் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் இப்போது புது அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஆளுக்கொரு சின்ன பால்கனி. மண்ணில் இறங்கிச் செடி வைக்க இடமில்லாதவர்களுக்கு, 'வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும்' என்று சொல்லப்படும் முள்செடிகள் வரப்பிரசாதம். இந்தப் பக்கத்துச் சாலையோர நர்சரிகளில் 'கேக்டஸ்' வரிசையைப் பார்த்தால், நிஜக் கேக்டஸும் கள்ளியும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. 'பால் பட்டால் ஆபத்து' என்ற எச்சரிக்கையும் இல்லை.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. தூரத்துச் சொந்தம்கூட இல்லை!

அமெரிக்கா வேறு... ஆப்பிரிக்கா வேறு

கேக்டஸ் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாக வளரும் 'ரிப்சாலிஸ்' என்ற ஒரே ஓர் இனம்தான் விதிவிலக்கு. அதற்கு முள்கூடக் கிடையாது. மரத்தில் கயிறுபோலத் தொங்கும். இப்போது பழக்கடைகளில் குவியும் டிராகன் ஃப்ரூட்டும் கேக்டஸ்தான்.

கள்ளி என்று நம் முன்னோர் சொன்னது யூபோர்பியா இனத்தை. ஆமணக்கு, மரவள்ளி, குப்பைமேனி எல்லாம் இதன் பங்காளிகள். உலகில் சுமார் 2,000 யூபோர்பியா இனங்கள் உண்டு. அவற்றில் வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை, தண்ணீரைத் தண்டில் சேர்த்துவைத்து, இலையைக் குறைத்து, முள்ளை வளர்த்துக்கொண்டன. அமெரிக்கப் பாலைவனத்தில் கேக்டஸ் எடுத்த அதே முடிவைத் தனியாக எடுத்ததால், பார்க்க இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கின்றன. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி, யூபோர்பியாவாகத்தான் இருக்க முடியும். கொலம்பஸுக்கு முன்பு கேக்டஸ் இங்கு வந்து சேர வழியே இல்லை.

அப்படியென்றால் சப்பாத்திக்கள்ளி? அது பெயரில் மட்டும்தான் கள்ளி. பிறப்பில் அமெரிக்கக் கேக்டஸ். அதற்கும் சென்னைக்கும் ஒரு சுவாரஸ்யமான தொடர்பு உண்டு. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்த்துப் பணம் பார்க்க ஆசைப்பட்டது கிழக்கிந்திய கம்பெனி. அந்தப் பூச்சியின் சாப்பாடு சப்பாத்திக்கள்ளி. 18-ம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால், வந்தது நல்ல சாயம் தரும் பூச்சி அல்ல. அதன் மட்ட ரகச் சொந்தம். சாய வியாபாரம் படுத்தது. சப்பாத்திக்கள்ளியோ தென்னிந்தியா முழுக்கப் புதராக மண்டியது. பிறகு, 1836-38-ல் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை ஒழித்தார்கள். களையை ஒழிக்க ஒரு பூச்சியை வேண்டுமென்றே ஏவிவிட்ட முதல் சம்பவமாக அதைச் சொல்கிறார்கள். எஞ்சிய வகைகளை அடக்க, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. இன்று பால்கனியில் ஆசையாக வளர்க்கும் 'பன்னி இயர்' கேக்டஸ், அந்தச் சப்பாத்திக்கள்ளியின் தங்கச்சிதான்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கேக்டஸில் முள் நேரடியாகத் தண்டிலிருந்து வராது. பஞ்சு வைத்ததுபோல ஒரு சின்னத் திட்டு இருக்கும். அதிலிருந்துதான் முள் கொத்தாகக் கிளம்பும். கள்ளியில் அந்தப் பஞ்சுத் திட்டு இருக்காது. தண்டின் விளிம்பில், பெரும்பாலும் இரண்டிரண்டாக, மாட்டுக் கொம்புபோல முள் இருக்கும். பென்சில் கள்ளி போன்ற சிலவற்றில் முள்ளே இருக்காது.

இன்னோர் அடையாளம், பால். கள்ளியில் நகம் பட்டாலே வெள்ளையாகப் பால் வரும். மேமிலேரியா போன்ற சில கேக்டஸ்களிலும் பால் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சோதித்துப் பார்க்கிறேன் என்று கீறி விளையாடவும் வேண்டாம்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். முக்கோணத் தண்டும் விளிம்பில் சின்னச் சின்ன இலையுமாக நெட்டையாக வளர்கிறதே, அந்த 'ஆப்பிரிக்கன் மில்க் ட்ரீ', யூபோர்பியா டிரைகோனா. 'பென்சில் கேக்டஸ்' நம் ஊர்த் திருகுக்கள்ளி. தாவரவியலில் அதன் பெயரே 'யூபோர்பியா திருக்கள்ளி'தான். 17-ம் நூற்றாண்டில் கேரளத் தாவரங்களைப் பற்றி வெளியான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் இருந்த உள்ளூர்ப் பெயரை லின்னேயஸ் அப்படியே எடுத்துக்கொண்டார். இப்போது அதையே 'பென்சில் கேக்டஸ்' என்று திருப்பி நமக்கே விற்கிறார்கள்.

விசிறிபோல, பவளப் பாறைபோல விரிந்திருக்கும் 'கோரல் கேக்டஸ்' இன்னும் வேடிக்கை. மேலே இருப்பது யூபோர்பியா லாக்டியா. அதைத் தாங்கும் கீழ்த்தண்டு பெரும்பாலும் நம் வேலியோர இலைக்கள்ளி! ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். சிவப்பு, மஞ்சள் உருண்டை தலையில் உட்கார்ந்திருக்கும் 'மூன் கேக்டஸ்' மட்டும் நிஜக் கேக்டஸ். கீழே இருப்பது டிராகன் ஃப்ரூட் தண்டு.

நர்சரியில் 'யூபோர்பியா' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: மடகாஸ்கரைச் சேர்ந்த யூபோர்பியா மிலி. முள் நிறைந்த தண்டில் சிவப்பு, ரோஸ், மஞ்சள் நிறத்தில் வருஷம் முழுக்கப் பூக்கும். இதிலும் பால் உண்டு.

கள்ளியும் இல்லை, கேக்டஸும் இல்லை... ஆனால், கட்டாயம் சொல்ல வேண்டியது அடீனியம். அடி பெருத்து, ரோஜா நிறப் பூவோடு மொட்டைமாடிகளை ஆளும் இந்தச் செடி, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் சாறு இதயத் துடிப்பையே பாதிக்கும். ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவியிருக்கிறார்கள். அரளி என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாம், அடீனியத்தைக் குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கிறோம்.

கண்ணில் பட்டால்...

கள்ளிப்பாலில் இருக்கும் 'டைடெர்பீன் எஸ்டர்' வகை ரசாயனங்கள் தோலையும் கண்ணையும் கடுமையாக எரிக்கக்கூடியவை. தோலில் பட்டால் சிவந்து, எரிந்து, சிலருக்குக் கொப்புளம் வரும். பெரும்பாலும் சில நாள்களில் ஆறிவிடும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான்.

2000-ம் ஆண்டில் ஒரு கண் மருத்துவ இதழில், பிரிட்டன் மருத்துவர்கள் 7 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாருக்கும் கண்ணில் யூபோர்பியா பால் பட்டிருந்தது. எரிச்சல், மங்கலான பார்வையில் தொடங்கி, கருவிழியின் மேல்தோல் உரிவது, கருவிழி வீங்குவது, கண்ணின் உள்ளேயே அழற்சி என்று பாதிப்பு ஆளுக்கு ஆள் மாறியது. மோசமான நிலையில், முகத்துக்கு முன் கையை ஆட்டினால் அசைவு மட்டும் தெரியும் அளவுக்குப் பார்வை குறைந்தது. சிகிச்சையில் ஒன்று, இரண்டு வாரங்களில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. ஆனால், முதல் சில நாள்களில் கிருமித்தொற்று சேர்ந்தால் பார்வைக்கே ஆபத்து என்று அவர்கள் எச்சரித்திருந்தார்கள். இந்தச் செடியில் கைவைப்பவர்கள் கண்ணாடி போட வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

இதில் நம்மை ஏமாற்றுவது, பாதிப்பு முழுதாகத் தெரிய நேரமாகும் என்பது. காலையில் செடி வெட்டும்போது ஒரு துளி தெறிக்கும். கழுவினால் 'பரவாயில்லை' என்று தோன்றும். வலி சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும். இரவில் கண்ணைத் திறக்க முடியாது.

பட்டவுடன் என்ன செய்ய வேண்டும்? கண்ணைக் கசக்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு எடுத்துவிட வேண்டும். குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15-20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஓடவிட வேண்டும். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட ரொம்ப நீளம். பிறகு, வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எந்தச் செடி என்று செல்போனில் படம் எடுத்துப் போனால் அவருக்குச் சிகிச்சை சுலபம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து சென்னையில் இயங்கிவருகிறது. பாரிவாக்கத்திலிருந்து கொஞ்சம் தூரம்தான் என்றாலும், செலவுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. மறுநாள் வரச் சொன்னால் மறக்காமல் போங்கள். 'சரியாயிடுச்சே' என்று விட்டுவிடுவதில்தான் வினையே.

தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து போடுவது - மூன்றும் வேண்டாம். புண்ணான கருவிழியில் தவறான ஸ்டீராய்டு சொட்டு விழுந்தால் தொற்று முற்றிவிடும். மருவுக்குக் கள்ளிப்பால் வைக்கும் கைவைத்தியத்தையும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முகத்தில் இருக்கும் மருவுக்கு வைக்கப்போய், அது கண்ணுக்கு இறங்க எத்தனை நேரம் ஆகும்?

குழந்தை கடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். ஏறும்போதும் அந்தப் பால் தொண்டையை எரிக்கும். வாயைத் துடைத்து, கொப்பளிக்கச் செய்து, செடியின் படத்தோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. நாய், பூனை வளர்ப்பவர்களும் கவனம். குட்டிப் பூக்களோடு விற்கும் கலாஞ்சோவும் அவற்றுக்கு விஷம்தான்.

முள் குத்தினால்...

கேக்டஸில் பால் பயம் குறைவு, முள்தான் பிரச்னை. அதிலும் பெரிய முள்ளைவிட, முள்ளே இல்லாததுபோல மெத்தென்று தெரியும் 'பன்னி இயர்' மோசம். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுண்முட்கள். தொட்டால் விரலோடு வந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது. தேய்த்தால் உடைந்து உள்ளே போகும். முதலில் ட்வீசரால் தெரிந்தவரை எடுங்கள். மீதிக்கு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, மேலே காஸ் துணியை ஒட்டி, நன்றாகக் காய்ந்ததும் உரித்தால் சேர்ந்து வந்துவிடும். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூவை இதற்கு எடுத்துவிடாதீர்கள்.

ஆழமாகக் குத்தினால், மூட்டுக்குப் பக்கத்தில் குத்தினால், வீக்கமோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள், டி.டி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆனது என்றும் யோசியுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்தத் தொட்டிகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது.

வளர்ப்பது சுலபம்... மழைக்காலம் தவிர!

இவ்வளவு படித்துவிட்டு, செடியைத் தூக்கிப் போடலாமா என்று யோசிக்க வேண்டாம். கற்றாழையை வெட்டி, மஞ்சள் திரவத்தை வடியவிட்டு, ஏழு முறை கழுவிப் பயன்படுத்தத் தெரிந்த ஊர் இது. அதே பக்குவம் இதற்கும் போதும்.

சென்னையில் இந்தச் செடிகள் வெயிலில் சாவதைவிட, மழையில் அழுகிச் சாவதுதான் அதிகம். நமக்கு வருஷ மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதமும் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியிலோ, சாரல் படாத ஜன்னல் ஓரத்துக்கோ மாற்றிவிடுங்கள். மண் தொட்டு ஈரம் இருக்கும்வரை தண்ணீரே வேண்டாம்.

வாங்கிவந்ததும் செய்ய வேண்டியது மண் மாற்றுவது. ராஜமுந்திரி பக்கத்துக் கடியபுலங்காவிலிருந்தும், மேற்கு வங்கத்தின் காலிம்போங்கிலிருந்தும் வண்டி ஏறி வரும் செடிகள் பல, எடை குறைய வேண்டும் என்பதற்காகத் தென்னை நார்க்கழிவில்தான் இருக்கும். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர் அழுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, கரடான மணலும் உடைத்த செங்கல் துண்டுமாக இரண்டு பங்கு கலந்தால் போதும். எம்-சாண்ட் என்றால் தூசியைச் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சிமென்ட்போல இறுகும். மண் தொட்டி நல்லது. அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் கோப்பையில், மேலே கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டி விற்கிறார்களே, அது செடிக்கு மெதுவான மரண தண்டனை. கேக்டஸ் தலையில் காய்ந்த பூவை ஒட்டி 'பூத்திருக்கு' என்று விற்பதும் நடக்கிறது. மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை, அடி ஓட்டை வழியாக வழியும்வரை தண்ணீர் விடுங்கள். தினம் ஒரு ஸ்பூன் தெளிப்பது பயனில்லை. காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைக்கும் கிழக்கு பால்கனி சிறப்பு. வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், வெளிச்சத்தைத் தேடி மேலே மெலிந்து கூம்பிவிடும். அதற்காக மே மாதத்தில் திடீரென்று மொட்டைமாடிக்குத் தூக்கினால் வெந்துபோகும். பத்து நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். முள் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்தெடுங்கள். 'ராத்திரியும் ஆக்சிஜன் தரும்' என்று சொல்லி விற்பதை நம்பி, படுக்கையறையில் கள்ளியை வைக்க வேண்டாம். ஒரு தொட்டியால் அறைக் காற்று மாறிவிடாது.

வெட்டும் நாள்

விபத்து நடப்பது பெரும்பாலும் இரண்டு நேரங்களில்: தொட்டி மாற்றும்போதும், உயரமாக வளர்ந்ததை வெட்டும்போதும். முள்செடியைத் தூக்க, நாலாக மடித்த செய்தித்தாளை இடுப்பில் வார்போலச் சுற்றிப் பிடியுங்கள். கள்ளியை வெட்டுவதென்றால் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பைக் ஓட்டும்போது போடும் கண்ணாடி மூன்றும் வேண்டும். நின்றுகொண்டு, செடி உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி வைத்து வெட்டுங்கள். தலைக்கு மேலே கிளையைப் பிடித்து இழுத்து வெட்டினால், பால் நேராக முகத்தில்தான் சொட்டும். குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

வெட்டிய துண்டைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் பால் வடிவது அடங்கும். நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வெட்டுவாய் காய்ப்புப் பிடித்ததும் நட்டால் வேர் பிடிக்கும். அடி அழுகிய செடியைக் காப்பாற்றுவதும் இதே முறையில்தான்: நல்ல பகுதி தெரியும்வரை மேலே வெட்டி, காயவைத்து, புது மண்ணில் நட வேண்டும். கத்தியையும் கையுறையையும் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறையைக் கழற்றிய பிறகு கையையும் கழுவுங்கள். அதற்கு முன் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கை போகும், போகவிடாதீர்கள்.

வெட்டிப்போட்ட மிச்சத்தை அப்படியே குப்பைக் கவரில் திணிக்க வேண்டாம். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் கையுறை இல்லாமல் அந்தக் கவரைப் பிரிக்கக்கூடும். தெருவோரம் போட்டால் மாடு வாய் வைக்கும். துண்டுகளைப் பால் காயும்வரை ஒரு பழைய பக்கெட்டில் போட்டு மாடி மூலையில் வையுங்கள். காய்ந்ததும் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, கயிறு கட்டி, மேலே மார்க்கரில் 'கள்ளி' என்று எழுதி, "அண்ணா, இதுல கள்ளி இருக்கு, பிரிக்காதீங்க" என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.